இரண்டு பூட்டு வீடு

கவுன்சிலரின் தம்பி மனைவி சந்திரிமா தபதியின் பார்லர் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, இமைத்தோலை விரலால் இழுத்துப் பிடித்திருந்தாள். ஊரே ‘பௌதி’, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் தபதி நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு அவளுடைய இடது புருவத்தைச் சீராக்கிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் தபதியின் கணுக்காலில் சுருக்கென்று ஒரு கடி. அவள் துள்ளினாள். நூலும் துள்ளியது. சந்திரிமாவின் புருவத்தில் பாதி நூலோடு வந்துவிட்டது.

கண்ணாடியைப் பார்த்த சந்திரிமா போட்ட கூச்சல் சந்தின் மறுமுனை வரை கேட்டது. “என்ன பண்ணிட்டீங்க பௌதி! துர்கா பூஜைக்கு ரெண்டு வாரம் கூட இல்லை. இந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நான் எப்படி வெளியில போவேன்?”

“நான் பண்ணலை, கொசு பண்ணிச்சு” என்றாள் தபதி, காலைச் சொறிந்துகொண்டே. “பட்டப்பகல்ல கடிக்குது பாருங்க. உங்க வீட்டுக்காரரோட அண்ணன்தானே கவுன்சிலர்? இந்தப் புருவத்தை அவர்கிட்டக் காட்டுங்க. எங்க சந்துக்குப் புகை மெஷின் வந்து எத்தனை மாசமாச்சுன்னு கேளுங்க.”

பக்கத்தில் பஞ்சு நறுக்கிக்கொண்டிருந்த மம்பி சிரிப்பை அடக்க முடியாமல் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். தபதியை ‘தீதி’, அக்கா, என்று கூப்பிட்டுக்கொண்டு அவளிடம் தொழில் பழகும் பெண் அவள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. புருஷன் ரத்தன் ரயில் ஸ்டேஷனுக்கும் கடைத்தெருவுக்கும் டோட்டோ என்கிற பேட்டரி வண்டி ஓட்டுகிறான். சந்தின் கடைசி வீட்டில் குடியிருந்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவளே மை பென்சிலை எடுத்து வந்து, போன புருவத்தை வரைந்துகொடுத்தாள். தபதி வரைந்திருந்தால்கூட அவ்வளவு சரியாக வந்திருக்காது.

கல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளி ஆற்றங்கரையில், சணல் ஆலைகள் பாதி மூடிக் கிடக்கும் ஊர் அது. குமோர்பாரா சந்தில் வீட்டுக்கு ஒருவராவது அந்த மழைக்காலத்தில் காய்ச்சலில் படுத்து எழுந்திருந்தார்கள். தபதியின் புருஷன் பிமல் அப்போதுதான் எழுந்து உட்கார ஆரம்பித்திருந்தார். பலசரக்குக் கடை வைத்திருந்தவருக்கு இப்போது கடை வரை நடக்கவே தெம்பில்லை.

சந்திரிமாவின் புருவம் வேலை செய்தது. மறுநாளே புகை மெஷின் வந்துவிட்டது. மெஷினுக்கு முன்னால் கவுன்சிலர், கவுன்சிலருக்கு முன்னால் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி இரண்டு பையன்கள். மெஷின் கர்ஜித்துக்கொண்டு வெள்ளைப் புகையைக் கக்கியது. குழந்தைகள் புகைக்குள் ஓடிக் கத்தினார்கள். தபதியின் அடுப்பில் கொதித்த மீன் குழம்பில் மண்ணெண்ணெய் வாசனை அடித்தது. அவள் மூக்கைச் சேலையால் மூடிக்கொண்டு, வாசலில் நின்று, வெற்றி பெற்றவள் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாக்கடை ஓரமெல்லாம் பிளீச்சிங் பவுடரைக் கோலம் போட்டதுபோல் தூவிவிட்டுப் போனார்கள்.

அன்று சாயங்காலம் கொசுவே இல்லை. மறுநாளும் பரவாயில்லை. அதற்கு அடுத்த நாள் முற்பகலில், அதே நாற்காலிக்குக் கீழே, அதே கணுக்காலில் கடி.

“ரெண்டு நாள் லீவு போட்டுட்டு வேலைக்குத் திரும்பிடுச்சு தீதி” என்றாள் மம்பி.

*

அந்த வாரம் வீடு வீடாகப் பார்க்க வந்த சுகாதாரப் பணிப்பெண் ஜர்னாவைத் தபதி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். “என்னம்மா புகை அடிக்கறீங்க? தண்ணி கலந்து அடிக்கறீங்களா?”

ஜர்னா நாள் முழுக்க ஏச்சு வாங்கிப் பழகியவள். தோள்பையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: “புகை பறக்கற கொசுவைத்தான் கொல்லும் பௌதி. அதுவும் புகை படற இடத்துல இருந்தாத்தான். தண்ணிக்குள்ள இருக்கற புழுவுக்கு அதனால என்ன? ஒரு வாரத்துல அது றெக்கை முளைச்சு வந்துடும். சாக்கடைக் கொசு வேற, இது வேற. இது காலுல வெள்ளைப் பட்டை போட்டிருக்கும், பகல்ல கடிக்கும், நல்ல தண்ணியிலதான் முட்டை போடும். எங்க, உங்க வீட்டைக் காட்டுங்க.”

தபதி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காட்டினாள். குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் தண்ணீர் சொட்டித் தேங்கும் தட்டை ஜர்னா உருவி வெளியே எடுத்தாள். டார்ச் வெளிச்சத்தில் குட்டிக் குட்டியாய் நெளிந்தன. தபதிக்கு முகம் சிவந்துவிட்டது. அவளே தட்டைக் கொண்டுபோய் வெயிலில் மண்ணில் கவிழ்த்தாள். பிறகு, யாரும் கேட்காமலே, ஜர்னாவுடன் சேர்ந்து வீடு வீடாக ஏறி இறங்கினாள். பூச்சட்டித் தட்டு, மாடியில் கிடந்த டயர், உடைந்த வாளி என்று எல்லாவற்றையும் கவிழ்க்க வைத்தாள். “எங்க வீட்டுல எல்லாம் சுத்தம்” என்று கதவை மறித்தவர்களிடம், “என் வீடும் சுத்தம்னுதான் நானும் நெனச்சேன், நகருங்க” என்று உள்ளே போனாள்.

கடைசியில் தபதியின் மொட்டை மாடியில் நின்று ஜர்னா பக்கத்து வீட்டைக் காட்டினாள். “இதை என்ன செய்யறது?”

அது லாஹாக்களின் பூர்வீக வீடு. பெரிய முற்றம் வைத்த பழைய வீடு. தகப்பனார் போன பிறகு அண்ணன் பிரபாஸுக்கும் தம்பி சுஹாஸுக்கும் பாகப்பிரிவினை வழக்கு. அண்ணன் கல்கத்தாவில் மகன் வீட்டில். தம்பிக்குக் கடைத்தெருவில் மெத்தைக் கடை, கடைக்கு மேலேயே வீடு. ஒருவர் உள்ளே போனால் எதையாவது எடுத்துவிடுவார் என்று மற்றவருக்குச் சந்தேகம். அதனால் கதவில் அண்ணன் போட்ட பித்தளைப் பூட்டு ஒன்று, தம்பி போட்ட சங்கிலிப் பூட்டு ஒன்று. இரண்டு சாவியும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். வருஷக்கணக்கில் திறக்கவில்லை.

மாடியிலிருந்து பார்த்தால் மூடியில்லாத மேல்தொட்டி தெரிந்தது. முற்றத்தின் ஒரு மூலையும் தெரிந்தது. அங்கே தண்ணீர் வெயிலில் பளபளத்தது.

“ரெண்டு தடவை கதவுல நோட்டீஸ் ஒட்டிட்டேன். மேலேயும் சொல்லிட்டேன். கேஸ் நடக்கற வீடாச்சே, அப்புறம் பார்க்கலாம்னு தள்ளிப் போடறாங்க” என்றாள் ஜர்னா. “இந்தச் சந்துல நீங்க எத்தனை சட்டியைக் கவுத்தாலும் இது ஒண்ணு போதும் பௌதி.”

*

தபதி அன்றே மெத்தைக் கடைக்குப் போனாள். சுஹாஸ் லாஹா ஒரு வாடிக்கையாளருக்குக் கொசுவலையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

“வியாபாரம் நல்லா நடக்குது போல தாதா” என்று அண்ணன் முறை சொல்லி ஆரம்பித்தாள் தபதி.

“சீசன் பௌதி. வீட்டுக்கு எத்தனை வேணும்?”

“வலை வேணாம். உங்க வீட்டுக் கதவைத் திறந்து விடுங்க, அது போதும். உள்ள தண்ணி தேங்கி நிக்குது.”

சுஹாஸ் வலையை மடித்தார். “என் பூட்டை இந்த நிமிஷமே திறக்கறேன். எனக்கென்ன? அவர் பூட்டு? அதை நான் தொட்டா நாளைக்கே கோர்ட்டுல நிறுத்துவார். கூடப் பிறந்தவன்னுகூடப் பார்க்க மாட்டார். அவரைக் கேளுங்க.”

பிரபாஸ் லாஹாவிடம் தொலைபேசியில் பேசினாள். அவர் வங்கியில் மேலாளராக இருந்தவர், வார்த்தைக்கு வார்த்தை மரியாதை. “உங்க கஷ்டம் எனக்குப் புரியாம இல்லை. திறக்க நான் எப்பவும் தயார். முதல்ல சுஹாஸைத் திறக்கச் சொல்லுங்க.”

இருவரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒப்புக்கொள்ள வைக்கத் தபதி பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. இவரிடம் அவர் வருவதாகச் சொல்லி, அவரிடம் இவர் வருவதாகச் சொல்லி, கெஞ்சி, மிரட்டி, கடைசியில் அழுதும் பார்த்தாள். அந்த ஞாயிறு அண்ணன் லோக்கல் ரயிலில் குடையோடு வந்து இறங்கினார். தம்பி ஸ்கூட்டரில் வந்தார். சந்தே கூடிவிட்டது. மம்பி துடைப்பமும் வாளியுமாகத் தயாராக நின்றாள். ஜர்னா கொசுப்புழு மருந்துப் புட்டியோடு வந்திருந்தாள். சகோதரர்கள் கையில் ஆளுக்கொரு சாவி.

“திற” என்றார் அண்ணன், தம்பியின் முகத்தைப் பார்க்காமல்.

“பெரியவர் திறக்கட்டும்” என்றார் தம்பி, தபதியைப் பார்த்து.

“சங்கிலி மேலே இருக்கு. அதை எடுத்தாத்தான் என் பூட்டைத் திறக்க முடியும்.”

“முதல்ல திறக்கறவன் உரிமையை விட்டுக்கொடுத்ததா ஆயிடும்னு என் வக்கீல் சொல்லியிருக்கார்.”

“என் வக்கீலும் அதையேதான் சொல்லியிருக்கார்.”

தபதி நடுவில் போய் நின்றாள். “ரெண்டு சாவியையும் என்கிட்டக் குடுங்க. எனக்கு ரெண்டு கை இருக்கு. ஒரே நேரத்துல திறக்கறேன்.”

சந்து சிரித்தது. சகோதரர்கள் சிரிக்கவில்லை. “மூணாவது ஆள்கிட்டச் சாவி குடுக்கறதா?” என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள். அதற்குப் பிறகு பேச்சு பூட்டிலிருந்து பாத்திரத்துக்குப் போயிற்று, பாத்திரத்திலிருந்து அம்மாவின் தையல் மெஷினுக்கு, தையல் மெஷினிலிருந்து அம்மாவைக் கடைசிக் காலத்தில் யார் பார்த்தார்கள் என்பதற்கு. அண்ணன் குடையை ஓங்கினார். தம்பி ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார். பூட்டுகள் பூட்டுகளாகவே தொங்கின.

“வீட்டுக்காரங்க வந்து போனதுல கொசுவுக்கு ஒரு பயமும் இல்லை” என்று மம்பி வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். அன்று எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

*

சப்தமிக்கு முந்தின நாள், பூஜை தொடங்குகிற நேரத்தில், மம்பிக்குக் காய்ச்சல் கண்டது. கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பெல்லாம் உடைகிற வலி. ரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று வந்தது. பூஜை முழுக்க அவள் படுக்கையில் கிடந்து, தூரத்தில் தாக் மேளம் அடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். விஜயதசமி முடிந்த மறுநாள் காய்ச்சல் விட்டது.

எல்லோருக்கும் நிம்மதி. ரத்தன் டோட்டோவை வெளியே எடுத்தான். அதற்கு அடுத்த நாள் மம்பி தலை வாரிக்கொண்டு மெல்ல நடந்து பார்லருக்கே வந்துவிட்டாள். “படுத்துப் படுத்து முதுகு வலிக்குது தீதி. சும்மா உட்கார்ந்துட்டுப் போறேன்.”

தபதிக்கும் சந்தோஷம்தான். இனிப்பு எடுத்து நீட்டினாள். மம்பி வாங்கவில்லை. வயிறு வலிக்கிறது, குமட்டுகிறது என்றாள். கையைத் தொட்டால் ஐஸ் போல இருந்தது. காய்ச்சல் விட்ட உடம்பு, குளிர்ந்துதான் இருக்கும் என்று தபதி நினைத்தாள்.

அந்த வழியாகப் போன ஜர்னா உள்ளே எட்டிப் பார்த்தாள். மம்பியின் ஈறில் ரத்தக் கசிவைப் பார்த்ததும் அவள் குரலே மாறிவிட்டது. “காய்ச்சல் எப்ப விட்டுச்சு? நேத்தா? ஐயோ, இப்பதான் கவனமா இருக்கணும். டெங்குல காய்ச்சல் இறங்கற நேரம்தான் ஆபத்து. ரத்தனைக் கூப்பிடுங்க, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

ரத்தன் தன் டோட்டோவிலேயே அவளைக் கொண்டுபோனான். தபதி அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் வராந்தா வரைக்கும் காய்ச்சல்காரர்கள். டாக்டர்கள் கையில் இருந்ததையெல்லாம் செய்தார்கள். ரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் வெயில் ஏறுவதற்குள் மம்பி போய்விட்டாள்.

*

காரியங்கள் முடிந்த பிறகு தபதி ஒரு காலையில் பார்லரைத் திறக்கவில்லை. பிமலின் கடையிலிருந்து இரும்புக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு லாஹா வீட்டு வாசலில் போய் நின்றாள். யாரையும் கூப்பிடவில்லை. முதல் அடி விழுந்த சத்தத்தில் சந்துப் பெண்கள் தாங்களாகவே வந்தார்கள்.

“கேஸ் ஆயிடும் தபதி” என்று பிமல் பின்னால் நின்று சொன்னார்.

“ஆகட்டும்.”

பித்தளைப் பூட்டு சீக்கிரம் விட்டுக்கொடுத்தது. சங்கிலிதான் சிரமப்படுத்தியது. கதவு திறந்ததும் உள்ளேயிருந்து ஒரு மேகம் எழும்பி முகத்தில் மோதியது. எல்லோரும் கையை வீசிக்கொண்டே முற்றத்துக்குள் போனார்கள். போய், அப்படியே நின்றுவிட்டார்கள்.

முற்றத்தில் வரிசை வரிசையாகப் பாத்திரங்கள். பித்தளை அண்டா, குடம், வெண்கலக் கிண்ணம், கல்யாணத்துக்கு மீன் வறுக்கும் பெரிய இரும்பு வாணலி. பாகம் பிரிப்பதற்காக என்றோ வெளியே எடுத்து வரிசையாக வைத்திருக்கிறார்கள். அன்றைக்கே சண்டை வந்து பூட்டியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு பெய்த ஒவ்வொரு மழையும் ஒவ்வொரு பாத்திரத்தையும் நிரப்பியிருந்தது. தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. அதற்குள் எண்ண முடியாத அளவுக்குப் புழுக்கள் மேலும் கீழுமாகத் துள்ளிக்கொண்டிருந்தன.

தபதி முதல் அண்டாவைக் காலால் தள்ளிக் கவிழ்த்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே அடுத்ததைக் கவிழ்த்தாள். பெண்கள் ஆளுக்கொரு பாத்திரமாகக் கவிழ்த்து, ஓரங்களைத் தேய்த்து, தலைகீழாக அடுக்கினார்கள். மாடித் தொட்டியை வடித்து, பழைய தகரத்தால் மூடினார்கள். ஒரு ஸ்பூனைக்கூட யாரும் வெளியே எடுத்துப் போகவில்லை. வேலை முடிந்ததும் ரத்தன் கயிறு கொண்டுவந்து கதவைக் கட்டினான்.

*

மறுநாள் காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்தது. தபதி போனபோது அங்கே ஒரு பெஞ்சில் பிரபாஸ் லாஹாவும் சுஹாஸ் லாஹாவும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். ரயில் ஸ்டேஷனிலிருந்து ஒரே டோட்டோவில் வந்திருந்தார்கள். தம்பி அண்ணனுக்கு டீ வாங்கிக் கொடுத்திருந்தார். இத்தனை வருஷத்தில் இருவரும் சேர்ந்து செய்த முதல் காரியம், சந்துப் பெண்கள் மேல் புகார் கொடுத்தது.

“பூட்டை உடைச்சீங்களா?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

“நான்தான் உடைச்சேன். மத்தவங்க பேர் எழுத வேணாம்.”

இன்ஸ்பெக்டர் சகோதரர்கள் பக்கம் திரும்பினார். “போய்ப் பார்த்தீங்களா? என்ன களவு போச்சு?”

சகோதரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிரபாஸ் சொன்னார்: “பொருள் எல்லாம் இருக்கு. ஆனா...”

“தண்ணி போச்சு சார்” என்றாள் தபதி. “அதை நான் கொட்டிட்டேன். பாகப்பிரிவினையில அதை விட்டுட்டாங்க. ரெண்டு பேருமே கேக்கலை. அதனால அது எங்களுக்கு வந்துச்சு.”

சுஹாஸ் எழுந்துவிட்டார். “எங்க வீட்டுக் கொசு கடிச்சுத்தான் அந்தப் பொண்ணு செத்தாள்னு எப்படிச் சொல்றீங்க பௌதி? கொசு மேல பேர் எழுதியிருக்கா?”

“இல்லை தாதா. தெரியாது. என் வீட்டுத் தட்டுல வளர்ந்த கொசுவாக்கூட இருக்கலாம். அதை நெனச்சு எனக்குச் சோறு இறங்கலை. ஆனா நான் என் கதவைத் திறந்து காட்டினேன். தட்டைக் கவுத்தேன். சந்துல எல்லாரும் கவுத்தாங்க. நீங்க கையில சாவியை வச்சுக்கிட்டு வாசல் வரைக்கும் வந்து, திறக்காம போனீங்க.”

பிரபாஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். பிறகு கேட்டார்: “அந்தப் பொண்ணு... அன்னிக்கு வாளியோட நின்னுச்சே, அதுவா?”

“அவதான்.”

“பேரென்ன?”

“மம்பி. மம்பி மண்டல். நல்லாப் புருவம் வரைவா.”

பிரபாஸ் தலையைக் குனிந்துகொண்டார். மேசையில் கிடந்த புகார்த் தாளைத் தன் பக்கம் இழுத்து, தன் கையெழுத்தைக் கோடு போட்டு அடித்தார். தாளைத் தம்பி பக்கம் நகர்த்தினார். சுஹாஸ் அதைத் தொடாமல் நின்றார். முகம் கடுகடுவென்றிருந்தது. வக்கீலைக் கேட்க வேண்டும் என்று முணுமுணுத்தார். பிறகு உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல், அவரும் அடித்தார்.

“நாங்க என்ன செய்யணும் பௌதி?” என்றார் பிரபாஸ்.

“இப்ப என்ன செஞ்சாலும் அவளுக்கு ஆகப்போறது ஒண்ணுமில்லை” என்றாள் தபதி. வெளியே டோட்டோவில் ரத்தன் அவளுக்காகக் காத்திருந்தான். அவள் வாசல் வரை போய்த் திரும்பி நின்றாள். “புகை அடிச்சா எல்லாம் சரியாயிடும்னு நானும் கவுன்சிலருக்குச் சொல்லி அனுப்பினவதான். புகை காத்தோட போயிடும் தாதா. தேங்கின தண்ணியை அவங்கவங்கதான் கொட்டணும், வாரா வாரம் கொட்டணும். அதுல அண்ணன் பங்கு, தம்பி பங்கு, கவுன்சிலர் பங்குன்னு பிரிச்சுக்கிட்டு ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்து நின்னா, அந்த நேரத்துல பக்கத்து வீட்டுப் பிள்ளை போயிடும். வீடு யாருதுன்னு கோர்ட் மெதுவாச் சொல்லட்டும். அதுக்குள்ள தண்ணி தேங்காம பார்த்துக்கறது உங்க ரெண்டு பேர் வேலை.”

இன்ஸ்பெக்டர் அவளைப் போகச் சொல்லிக் கையசைத்தார். அதற்கு முன்பே அவள் படியிறங்கிவிட்டாள்.